இரண்டாங்கட்டு வாடகையும் பர்மாக் கணக்கும்: இனச் சமத்துவம் நம் ஊரில் எந்த வாசல் வரை வரும்?

பட்டாலை (இழையைத் தொடங்கியவர்)

பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒரு சண்டையை இங்கே கொண்டுவந்து போடுகிறேன். வாடகை விஷயம்தான். ஆனால் பேச்சு போன போக்கு எனக்குச் சகிக்கவில்லை.

காரைக்குடியில் எங்கள் ஐயா கட்டிய வீடு. பங்கு பல கைக்குப் போய்விட்டது. ஊரில் இருப்பது நானும் ஆத்தாளும்தான். மழை பெய்தால் வளவில், உள்முற்றத்துப் பக்கம், ஒழுகுகிறது. ஓடு மாற்ற வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் "பார்க்கலாம்" என்கிறார்கள். இரண்டாங்கட்டில், அதாவது பின்கட்டில், பூட்டிக் கிடக்கும் அறைகளை வாடகைக்கு விட்டால் அந்தச் செலவுக்காவது ஆகுமே என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பையன்கள் வந்து கேட்டார்கள். முன்பணம் கையில் இருந்தது, ஆதார் நகல் இருந்தது. அதில் ஒருவன், வேட்டி கட்டிக்கொண்டு வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு "இது வெள்ளைப் பணியாரம், இது கந்தரப்பம்" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறுகிறவன். ஆத்தாளிடம் "ஆச்சி, தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று தமிழில்தான் கேட்டான்.

குழுவில் போட்டேன். சென்னையில் இருக்கும் ஒரு பங்காளி எழுதினார்: "மூஞ்சியைப் பார்த்தாலே நம்ம ஆள் இல்லேன்னு தெரியுது. சாமி வீட்டுப் பக்கம் அண்டவிடக் கூடாது." இன்னொருவர் "சீனாக்காரன்" என்றே எழுதிவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அதற்குக் கட்டைவிரல் போட்டான். வாடகைக்கு வீடு தேடியபோது தரகர் 'இந்தியர் வேண்டாம்' என்று சொல்லிவிட்டார் என்று இதே குழுவில் பக்கம் பக்கமாகப் பொருமியவன் அவன்!

நம் நகரத்தார் பெரியவர்கள் பர்மா போன்ற சீமைகளுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்யப், போன ஊரிலெல்லாம் முகத்தாலும் மொழியாலும் வேற்றாள்தான். கடைசியில் அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்ததும் அதனால்தான். அந்தக் கதையை நாம் நன்றாகவே சொல்லுவோம். 'எங்களை அடித்து விரட்டினான்' என்று சொல்லும்போது குரல் கம்மும். அதே ஆட்கள் நம் வாசலில் வந்து நிற்கும் வேற்றாளுக்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறோம்? இதைத்தான் பேச வேண்டும்.

கண்டனூர்க்காரன்

எடுத்ததற்கெல்லாம் இனவெறி என்று பட்டம் கட்டிவிடாதீர்கள் அண்ணே. பொதுச் சொத்து. பங்காளிகள் சம்மதம் வேண்டும். முன்பின் தெரியாத ஆளை வைத்துவிட்டு நாளைக்கு ஒன்று நடந்தால் யார் ஓடுவது? வீட்டில் வயதான ஆச்சி இருக்கிறார்கள். ஜாக்கிரதை வேறு, வெறுப்பு வேறு.

இன்னொன்று. பர்மாவில் நம்மவர்கள் ஏதோ பாவப்பட்ட சிறுபான்மை என்று எழுதுவது சரியில்லை. நாம் வட்டிக்கடை வைத்திருந்தோம். 1930இல் நெல் விலை விழுந்தது, வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை, நிலம் நம்மிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நம்மவர் கையில் இருந்தது ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1937-38இல் அது 25 பங்கு. இதைப் பார்த்த பர்மியனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதையும் மணிப்பூர்ப் பையனையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு ஒட்டவில்லை.

தேவகோட்டை ரஸ்தா

பட்டாலை, ஒரு கேள்வி. மணிப்பூர்ப் பையனை விடுங்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து காரைக்குடியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன், தமிழ்தான் பேசுகிறான், முகமும் நம் முகம்தான். அவன் சாதியைக் கேட்காமல் உங்கள் இரண்டாங்கட்டை விடுவீர்களா? உங்கள் பங்காளிகள் விடுவார்களா?

நான் எம்.ஏ. முடித்து இங்கே வேலைக்கு வந்தபோது எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். "எந்த ஊர் தம்பி?" அடுத்தது "அங்கே எந்தத் தெரு?" அவ்வளவுதான். "வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், கேட்டுச் சொல்றேன்." இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

'இனம்' என்று பேசுவது சௌகரியம். பர்மாக்காரன், சிங்களவன், வெள்ளைக்காரன் என்று குற்றவாளி எப்போதும் வெளியே இருப்பான். நம் அரசும் அதைத்தான் செய்தது. 2001இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. சாதியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டபோது, சாதி வேறு இனம் வேறு என்று இந்தியா மறுத்தது. அடுத்த ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்புவழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதி வைத்தது. 1968இலேயே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு நம்முடையது. தென்னாப்பிரிக்காவில் இந்தியருக்கு நடந்ததை 1946இல் ஐ.நா.வுக்குக் கொண்டுபோனதும் நாம்தான். வெளியே வழக்காட நமக்கு எப்போதும் தெம்பு இருக்கிறது.

பட்டாலை

ரஸ்தா, விடுவார்களா என்றால், மாட்டார்கள். என் பதில் 'விடுவேன்' என்பது. அதை நிரூபிக்க இந்த இழையில் வழியில்லை.

கண்டனூர்க்காரன் சொன்ன கணக்கு சரி. அதை மறைத்துப் பேச எனக்கும் விருப்பமில்லை. வட்டிக்கடைக்காரன் மேல் விவசாயிக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஆனால் யார் அடிபட்டார்கள் என்று பாருங்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகக் கலவரம். கூலி உயர்வு கேட்டு இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பர்மியரை வைத்து வேலை வாங்கினார்கள். பேச்சுவார்த்தை முடிந்ததும் பர்மியரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அதில் மூண்ட சண்டையில் கப்பல் முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள் செத்தார்கள். நம் வட்டிக்கடைகள் இருந்த மொகல் தெருவில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவன் கதையும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் கதையும் ஒன்றில்லை. வெறுப்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. இந்தியனைப் பர்மியன் ஏளனமாகச் சொல்லும் வார்த்தை 'காலா'; அதில் எல்லோரும் காலா.

1942இல் ஜப்பான்காரன் வந்தபோதும் அப்படித்தான். நாலைந்து லட்சம் பேர் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. வழியிலேயே பல்லாயிரம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளைக்காரருக்கு நல்ல பாதை, இந்தியருக்கு மோசமான பாதை என்று பிரித்து அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அந்தப் பாதையில் வட்டிக்கடையில் உதவிக்கு இருந்த அடுத்தாளும் நடந்தான், சலவைக்காரனும் நடந்தான்.

பள்ளத்தூர் ஆச்சி

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. பர்மா என்றதும் எழுதத் தோன்றியது.

எங்கள் அயித்தை 1964க்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள். ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. துறைமுகத்தில் நகைகளைக் கழற்றச் சொன்னார்களாம். கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள். காதில் கிடந்தது சின்ன வயதில் போட்டது, திருகு துருவேறி வரவில்லை. சோதனைக்காரப் பெண் எண்ணெய் கொண்டுவரச் சொல்லி, அவசரமே இல்லாமல், பத்திரமாகத் திருகி எடுத்தாளாம். "திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்" என்பார்கள் அயித்தை. நம் சனம் அன்றைக்கு லட்சக்கணக்கில் வந்தது. சென்னையில் பர்மா பஜார் வந்தது அப்படித்தான்.

வந்தவர்களில் சிலர் இங்கே பிழைக்க முடியாமல் தரை வழியாகத் திரும்பவும் பர்மாவுக்குப் போகப் பார்த்தார்கள். எல்லையில் உள்ளே விடவில்லை. அப்படியே அந்த எல்லை ஊரில் தங்கிவிட்டார்கள். ஊர் பெயர் மோரே. எந்த மாநிலம் தெரியுமா? மணிப்பூர். இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேசுவரி கோயில் இருக்கிறது. அந்த ஊரில் நம் சனத்துக்கு யாரோ முதலில் குடியிருக்க இடம் கொடுத்திருக்கிறார்கள், அல்லவா? பட்டாலை, உங்கள் பங்காளியிடம் இதைச் சொல்லுங்கள். 

கண்டனூர்க்காரன்

ஆச்சி, மோரே விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனால் வீட்டுச் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. நாளைக்கு நூறு பேர் வருவான், ஆயிரம் பேர் வருவான். காரைக்குடி பேருந்து நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் நின்று பாருங்கள், தமிழ் காதில் விழுகிறதா என்று.

சித்தாள் கணக்கு

நான் கட்டட வேலைக்காரன். கொத்தனார். புதுவயல் பக்கம். இந்த இழையில் எல்லோரும் வீட்டுக்காரர்களாகவே இருக்கிறீர்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

வடக்கே இருந்து வந்த பையன்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். மேஸ்திரி அவர்களைக் குறைந்த கூலிக்குப் பேசிக் கூட்டி வருகிறார். எங்கள் கூலி ஏறவில்லை. நாங்கள் கேட்டால் "வேண்டாமா, போ, அவன் இருக்கான்" என்கிறார். ஆனால் அவன் தலையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஒருநாள் ஒரு பீகார்ப் பையனைக் கேட்டேன். வந்த ரயில் செலவு, சாப்பாடு, தகரக் கொட்டகைக்கு வாடகை எல்லாம் பிடித்துக்கொண்டு மீதியை ஊருக்குப் போகும்போது தருவார்களாம். நோட்டு மேஸ்திரியிடம் இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

2023 மார்ச்சில் பீகார்க்காரனைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது நினைவிருக்கும். எங்கள் இடத்தில் இருந்த பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பையைக் கட்டினார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை, இருந்தும் கிளம்பினார்கள். 'நாம் வேற்று ஊர்க்காரன்' என்ற பயம் எவ்வளவு மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். அவனை விரட்டினால் என் கூலி ஏறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவனுக்கும் எனக்கும் ஒரே கூலி என்றால் ஏறும்.

வழக்குக் கட்டு

கொத்தனார் அண்ணன் எழுதியதுதான் இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான பதிவு. வெளிமாநிலத் தொழிலாளருக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர் ஆளுக்குக் குறையாத கூலி தர வேண்டும், வந்து போகும் செலவு தர வேண்டும், கணக்குப் புத்தகம் அவரிடம் இருக்க வேண்டும், அதுவும் அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1979இலேயே சட்டம் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களுக்கு அது. சட்டம் இருந்தது. நோட்டு மேஸ்திரியிடமே இருந்தது.

வீட்டு வாடகைக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் அரசு யாரையும் வேற்றுமைப்படுத்தக் கூடாது என்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை போன்ற பொது இடங்களுக்கு அது தனியாரையும் கட்டுப்படுத்தும். உங்கள் இரண்டாங்கட்டைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமையை 19ஆம் பிரிவு தருகிறது, ஆனால் வீட்டுக்காரர் 'மாட்டேன்' என்றால் அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ டானியா 2014இல் தில்லியில் அடிபட்டு இறந்த பிறகு, பெஸ்பருவா குழு அமைத்தார்கள். வடகிழக்கு மக்களை இனத்தின் பேரில் இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது. அப்படி ஒரு சட்டப்பிரிவு வரவில்லை.

பட்டாலைக்கு: பயப்படுகிற பங்காளிகளிடம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி நகர்ப் பகுதியில் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வாடகைக்கு வருகிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு. முகவரிச் சான்று இல்லாமல் வங்கியிலும் எரிவாயு முகவரிடமும் அலைவது மிச்சமாகும். ஜாக்கிரதை வேண்டும் என்கிற கண்டனூர்க்காரருக்கும் இது போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றால் காரணம் ஜாக்கிரதை இல்லை.

கண்டனூர்க்காரன்

கடைசி வரி தேவையா?

வழக்குக் கட்டு

தேவைதான்.

நெறியாளர்

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். ஒன்றில் வடகிழக்குப் பெண்களைப் பற்றி மோசமான பேச்சு. இன்னொன்றில் ரஸ்தாவின் சாதியைத் துருவும் கேள்வி. இந்த இழையிலேயே இப்படி எழுத எப்படி மனசு வருகிறதோ.

பட்டாலை

ஆத்தா நேற்றே பையன்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். "ஓடு மாற்ற நீ பணம் அனுப்பினால் காலி செய்யச் சொல்கிறேன்" என்று சென்னைப் பங்காளிக்குப் போனில் பதில். ஒப்பந்தம் எழுதப் போகிறேன். அந்தப் பேச்சு அத்தோடு சரி.

வழக்குக் கட்டு தாளைப் பற்றிச் சொன்னதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் கூட்டம் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) எழுதி வளர்ந்த கூட்டம். தாளின் அருமை நமக்குத் தெரியும். ஒரு சனத்தை ஊரைவிட்டு அனுப்ப அடிதடி தேவையே இல்லை, ஒரு தேதியைச் சட்டத்தில் எழுதினால் போதும். 1982இல் பர்மா குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். 1823க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்கள்தான் முழுக் குடிமக்கள். 1824இல் வெள்ளைக்காரன் முதல் போர் தொடங்கினான்; அவனோடு வந்தவன் எவனும் சேர்த்தி இல்லை என்று கணக்கு. தலைமுறை தலைமுறையாக இருந்தவனும் ஆவணம் காட்டு என்ற கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டும். ரோகிங்கியாக்களை நாடற்றவர்களாக நிறுத்தியது அதே சட்டம்தான். 2017இல் ஏழு லட்சம் பேர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். நம்மூரில் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் 'நமக்கு நடந்ததும் இதுதானே' என்று சொல்லிக் கேட்டதில்லை.

இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டம். நம் பக்கத்திலிருந்து, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து மண்டபம் வழியாகக் காப்பிக்கும் தேயிலைக்கும் போன சனம். ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் உட்கார்ந்து பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். போக வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை.

முகாம் வீட்டுப் பிள்ளை

பட்டாலை அண்ணா, 'பிரித்தார்கள்' என்று எழுதினீர்களே, அந்த மீதிக்கணக்கில் நாங்களும் இருக்கிறோம்.

நான் இந்த மாவட்டத்தில் உள்ள ஒரு இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறேன். 2021இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள். புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் பிறந்தது இந்த நாட்டில். படித்தது இங்கே. இலங்கையை நான் பார்த்ததே இல்லை. அம்மாவின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், அதனால் அங்கே 'இந்தியாக்காரி'. 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இங்கே வந்தது, இப்போது 'சிலோன்காரி'. பொறியியல் படித்த அண்ணன் பெயின்ட் அடிக்கப் போகிறான். கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். ராத்திரி வெளியூரில் தங்க அனுமதி கேட்க வேண்டும். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான் இருக்கின்றன. இலங்கை இல்லை.

உங்களுக்கு முகம் வேறு என்று பிரச்சினை. எங்களுக்கு முகம், மொழி, சாமி எல்லாம் ஒன்று. இருந்தும் காரைக்குடியில் துணிக்கடை வேலைக்குப் போனால் 'கேம்ப்பா?' என்று கேட்டுவிட்டு ஆதாரைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

தேவகோட்டை ரஸ்தா

தங்கச்சி, 'அங்கே எந்தத் தெரு' என்ற கேள்விக்கு உங்கள் ஊரில் 'கேம்ப்பா' என்று பெயர் போலிருக்கிறது.

சித்தாள் கணக்கு

எங்கள் வேலையிடத்திலும் முகாம் ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல பெயின்டர்கள். சம்பளம் கேட்டு அதட்டிப் பேச மாட்டார்கள். முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ் என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதுவும் கூலியைக் குறைக்கிற வழிதான்.

கண்டனூர்க்காரன்

அந்தப் பிள்ளை எழுதியதைப் படித்தேன். வாடகை விஷயத்தில் நான் சொன்னதில் நிற்கிறேன். பங்காளிகளைக் கேட்காமல் ஆச்சி சாவி கொடுத்தது முறையில்லை. ஆனால் இந்த முகாம் விஷயம் அநியாயம். நம் ஊரிலிருந்து போன சனத்தின் பேரப்பிள்ளைக்கு நம் ஊரிலேயே ஓட்டு இல்லை என்றால் என்ன அர்த்தம்? வழக்கறிஞர் ஐயா, இதற்கு ஏதும் வழி இருக்கிறதா?

வழக்குக் கட்டு

சிலருக்கு இருக்கிறது. தேதிதான் எல்லாம்.

இந்தியாவில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் பிறந்தவர், தாய் தந்தை எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போட்டார். அதைத் தரச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு அவர் வாக்கும் போட்டார். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்திருந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு என்றால் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் என்று கருதப்படாதவர். அங்கேதான் முகாம் குடும்பங்கள் மாட்டுகின்றன. இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த அப்படிப்பட்டவர்கள் போட்ட வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019இல் அதே மதுரைக் கிளை சொன்னது.

தங்கச்சி, நீங்கள் பிறந்த ஆண்டை இங்கே எழுத வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள். அதற்கு முன் மூன்று தாள் வேண்டும். பிறந்த ஊர் நகராட்சியிலோ ஊராட்சியிலோ பிறப்புப் பதிவின் நகல். பதிவே இல்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், தாமதப் பதிவுக்கு அது தேவைப்படும். முகாம் குடும்ப அட்டையில் உங்கள் பெயர் முதலில் சேர்ந்த பக்கம். அம்மாவின் தாத்தா பெயர் இருக்கும் தோட்டத்துத் துண்டுச்சீட்டோ, பழைய இந்தியக் கடவுச்சீட்டோ, ஏதாவது இரும்புப் பெட்டியில் கிடக்கும், தேடச் சொல்லுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் எந்தக் கிராமம் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

முகாம் வீட்டுப் பிள்ளை

கிராமத்தின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது ஐயா. குலசாமி கோயில் பெயர் தெரியும். அது ஆகுமா?

பள்ளத்தூர் ஆச்சி

எந்தச் சாமி என்று எனக்குத் தனியாக எழுது தாயி. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் சம்பந்திகள் இருக்கிறார்கள், கேட்டால் ஊரைப் பிடித்துவிடலாம்.